என்.ஐ.வி.யில் அப்போஸ்தலர் 8:37 ஏன் இல்லை?

வேதாகம ஆப்பில் இந்த வசனம் காணவில்லையே என்று தோன்றினால், ஆப்பில் கோளாறு இல்லை, அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டாம். என்.ஐ.வி. (New International Version) என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பில் 36-க்கு அடுத்து 38 வருவது வேண்டுமென்றே அப்படி விடப்பட்டதுதான்.

காரணம் பழைய கையெழுத்துப் பிரதிகள். நம் பழைய தமிழ் வேதாகமம் பின்பற்றும் கிரேக்கப் பாடத்தில், எத்தியோப்பிய மந்திரி தன் விசுவாசத்தை அறிக்கையிடும் அந்த வசனம் உண்டு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்னும் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. வசன எண்களோ 1551-லேயே போடப்பட்டவை. அதனால் வசனத்தை எடுத்தாலும் எண்ணை மாற்ற முடியாமல் இடைவெளி நிற்கிறது.

36-ஆம் வசனத்தின் அருகே உள்ள சிறிய அடிக்குறிப்புக் குறியைத் தொட்டுப் பாருங்கள், 37 முழுவதும் அங்கே இருக்கும். குறியே தெரியவில்லை என்றால் அமைப்புகளில் அடிக்குறிப்பு அணைந்திருக்கலாம். அப்புறம் மத்தேயு 17:21, யோவான் 5:4 இரண்டையும் பாருங்கள். அங்கேயும் இதே கதைதான்.

ஒன்று மட்டும் கவனம். இலவச ஆப்புகள் சிலவற்றில் தட்டச்சுப் பிழையால் நிஜமாகவே வசனம் விடுபடுவதுண்டு. அடிக்குறிப்பும் இல்லாமல் வசனம் காணாமல் போனால் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

தியானத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பே போதும். ஆராய்ந்து படிக்க, அடிக்குறிப்புள்ள இன்னொன்றையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். தமிழிலேயே வேண்டுமென்றால் 1995-இல் வந்த திருவிவிலியம் நல்ல துணை. வசனம் போனதால் உபதேசம் போய்விடுமோ என்று கலங்க வேண்டாம், வாயினால் அறிக்கையிடுவதை ரோமர் 10:9 எல்லா மொழிபெயர்ப்பிலும் தெளிவாகச் சொல்கிறது.