பட்டியல் முடியும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் மேசைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் ஒரு பொருளோடுதான் வருகிறார்கள். "அக்கா, ஆஃபர்ல வந்துச்சு, வாங்கிட்டேன். இதுக்கு ஏத்த மாதிரி மிச்சத்தைச் சொல்லுங்க." இந்த மாதம் வந்த கடிதங்களிலும் அதே கதைதான் அதிகம். அதனால் முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. புதிதாக கம்ப்யூட்டர் போட அப்பா 35,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மானிட்டர், கீபோர்டு இருக்கிறது. புரோகிராமிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், எப்போதாவது கேம். 16 ஜிபி டிடிஆர்5 ராம் ஒன்று ஏற்கெனவே வாங்கிவிட்டேன். நண்பன் ரைசன் 5 5600 ப்ராசசரை மலிவாகத் தருகிறேன் என்கிறான். எந்த மதர்போர்டு வாங்கலாம்?
(மாணவர், வியாசர்பாடி)

தம்பி, நண்பனுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ரைசன் 5 5600 நல்ல ப்ராசசர்தான். ஆனால் அது ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) போடுவது. ஏஎம்4 போர்டுகள் எல்லாமே டிடிஆர்4 ராம் போடுபவை. உங்களிடம் இருப்பது டிடிஆர்5. இரண்டு ராமிலும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. அழுத்தி உட்கார வைக்கப் பார்த்து ஸ்லாட்டை உடைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். 5600-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. 5600ஜி என்று ஜி சேர்ந்தால்தான் வரும். இன்டெலில் இது தலைகீழ்: கடைசியில் எஃப் என்று இருந்தால் கிராபிக்ஸ் இல்லை, எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, கார்டுக்குப் பணமில்லாமல் பெட்டியை மூடி வைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

ராம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் உங்கள் கையில் இருக்கும் ராமை வைத்தே மற்றதைத் தேர்ந்தெடுப்போம். இன்டெல் ஐ5-12400 (எஃப் இல்லாதது), அதற்கு எச்610 போர்டு. ஆறு கோர், 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பல வேலையைப் பார்க்கும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சின்னதுதான், பெரிய கேம் ஓடாது. ஆனால் வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்யும்போது நன்றாகக் கை கொடுக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எச்610 போர்டு டிடிஆர்4-க்கும் வருகிறது, டிடிஆர்5-க்கும் வருகிறது. மாடல் பெயரின் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருந்தால் உங்களுக்கு ஆகாது. கடைக்காரர் "எச்610தானே" என்று கையில் எதைக் கொடுத்தாலும் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். எச்610-இல் பொதுவாக இரண்டு ராம் ஸ்லாட்தான். இப்போது ஒன்று, அடுத்த வருடம் அதே மாதிரி இன்னொன்று. இரண்டாக இருக்கும்போது வேகமும் கூடும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஒரு பையனுக்காக நானே ஐ3-8100 ப்ராசசரும் எச்110 போர்டும் வாங்கிவந்தேன். இரண்டின் மேலும் எல்ஜிஏ1151 சாக்கெட் என்றுதான் எழுதியிருந்தது. ப்ராசசர் சாக்கெட்டில் பட்டுப்போல உட்கார்ந்தது. ஃபேனும் சுற்றியது, திரை மட்டும் வரவே இல்லை. 8100 மாதிரி எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும், எச்110 மாதிரி 100 வரிசையில் வேலை செய்யாது என்பது அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. வேறு போர்டுக்கான பணத்தை என் கையிலிருந்து போட்டேன். முதலில் வாங்கியது அந்தப் பையனின் அம்மா இட்லி விற்றுச் சேர்த்த பணத்தில். சாக்கெட்டில் உட்காருவது வேறு, வேலை செய்வது வேறு. அன்றிலிருந்து போர்டு கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசசர் பட்டியலைப் பார்க்காமல் நான் ஒரு போர்டும் வாங்குவதில்லை. நீங்களும் அதைப் பாருங்கள். எந்த பயாஸ் (போர்டிலேயே இருக்கும், சிஸ்டத்தை எழுப்பும் மென்பொருள்) பதிப்பிலிருந்து அந்த ப்ராசசர் ஓடும் என்பதும் அதே பட்டியலில் இருக்கும்.

ஆகவே தம்பி, ஒரு தாளை எடுத்து ப்ராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபினட் (வெளிக்கூடு) என்று ஆறு வரி எழுதுங்கள். ஆறிலும் மாடல் பெயர் முழுதாக வந்த பிறகு அப்பாவிடம் பணம் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்காக சிஸ்டம் போடுகிறோம். ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள், கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறாள். கடையில் "கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ, தனியா வாங்கி காசை வேஸ்ட் பண்ணாதீங்க" என்கிறார்கள். நம்பலாமா?
(இல்லத்தரசி, ராயபுரம்)

வேண்டாம்மா. மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் மட்டும் பிடிக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டருக்குப் போனேன். கார்டு போட்ட சிஸ்டம், பெரிய 3டி வரைபடத்தைத் திறந்தாலே தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நான்கு முறை ஃபார்மேட் செய்து பார்த்துவிட்டார்கள். நான் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தேன், தகர டப்பா மாதிரி கனமே இல்லை. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 450 வாட். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே 16 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐயும் 16-ஐயும் பெருக்குங்கள்: 192 வாட். ப்ராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். அங்கே இருந்த கார்டு ஆர்எக்ஸ் 6600, அது மட்டுமே 132 வாட் வரை இழுக்கும். ப்ராசசர் 65 வாட் ரகம். கூட்டினால் 197. ஃபேன், டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. பெயரில் 450 இருந்து என்ன பயன்?

நீங்கள் வாங்கும்போது அந்தக் கட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 550 வாட் என்று எழுதியிருந்தால் 12 வோல்ட் வரியில் 42, 45 ஆம்பியராவது இருக்க வேண்டும். 80 ப்ளஸ் முத்திரை இருப்பது நல்லது. அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைச் சொல்லும் முத்திரை. அதைப் பார்த்துவிட்டு, 5 வருட வாரண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டுக்குத் தேவையான 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். பழைய டிஸ்க் வயரிலிருந்து மாற்றி எடுக்கும் கன்வர்ட்டரைக் கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள், சூடாகி உருகிய வயர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேபினட்டில் கலர் லைட் எரிவதற்குப் போகும் காசை இதில் போடுங்கள். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பது அதனால்தான். அப்புறம், சிஸ்டத்தைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்து என்னிடம் வந்த கேபினட்டுகள் எல்லாம் தரையில் இருந்தவைதான்.

கேள்வி: அண்ணனிடமிருந்து பழைய பி450 போர்டு கிடைத்தது. ரைசன் 5 5500 புதிதாக வாங்கி, கார்டும் போட்டு நாங்களே அசெம்பிள் செய்தோம். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை.
(இரண்டு நண்பர்கள், திருவொற்றியூர்)

எனக்கு முதல் சந்தேகம் பயாஸ் மேல்தான். பி450 வந்தது 2018-இல், உங்கள் ப்ராசசர் வந்தது 2022-இல். பழைய பயாஸுக்கு அதை அடையாளமே தெரியாது. அண்ணனிடம் அந்த போர்டில் முன்பு ஓடிய ப்ராசசர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைப் போட்டு பயாஸை அப்டேட் செய்துவிட்டு மாற்றுங்கள். சில பி450 போர்டுகளில் ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவில் இருந்து பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் பின்புறம் இருக்கும், அதையும் தேடுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், யூபிஎஸ் இல்லாமல் அப்டேட்டில் கை வைக்க வேண்டாம்.

அதற்கு முன் இரண்டு நிமிட வேலை: மானிட்டர் வயர் போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா என்று பாருங்கள். 5500-இல் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டில்தான் செருக வேண்டும். போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்கான மின் வயரையும் பாருங்கள், முதல் முறை செய்பவர்கள் அதை மறப்பது வழக்கம்.

கடற்கரைக்குப் பக்கம் பல வருடம் இருந்த போர்டு, ராம் என்றால் உப்புக்காற்றும் வேலை காட்டியிருக்கும். ராமைக் கழற்றி அடிப்பக்கத்துத் தங்க நிறக் கோடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய்ப் பழுப்பாகத் தெரிந்தால், பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் ஒரே பக்கமாக மெல்லத் தேயுங்கள். ரப்பர் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். காசிமேடு, திருவொற்றியூரிலிருந்து 'டெட்' என்று வந்த எத்தனையோ சிஸ்டம் எனக்கு இதிலேயே எழுந்திருக்கிறது.

கேள்வி: ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆபீஸ்களில் கழித்த ஐ5 நான்காம் தலைமுறை சிஸ்டம் மலிவாகக் கிடைக்கிறது. தமிழில் எழுதவும் பேரனோடு வீடியோவில் பேசவும் போதுமா? பின்னால் பேரனுக்காக கார்டு போட முடியுமா?
(வாசகர், பெரம்பூர்)

ஐயா, எழுதவும் பேசவும் தாராளமாகப் போதும், ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் நான்காம் தலைமுறையில் பேங்க் வேலை செய்வதாக இருந்தால் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டுக்கொள்ளுங்கள், தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு. கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் எட்டாம் தலைமுறை சிஸ்டமாகவே பாருங்கள்.

கார்டு ஆசை வேண்டாம். அந்த ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் தனி வடிவம், அதன் பிளக்கும் தனி ரகம். கடையில் கிடைப்பது பொருந்தாது. பேரனுக்குத் தனியாகச் சேமியுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் பொருட்கள் வாங்க ரிச்சி தெருவுக்கு முதல்முறை போகப் போகிறேன். ஏமாறாமல் வாங்குவது எப்படி?
(மாணவி, எண்ணூர்)

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமலே அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

முதல் கடையில் வாங்காதீர்கள். முதல் கடிதத்துக்குச் சொன்ன அதே ஆறு வரித் தாளை மூன்று கடையில் நீட்டி விலை எழுதி வாங்குங்கள், உங்கள் பட்ஜெட் எவ்வளவு என்று வாயைத் திறக்காதீர்கள். "அது ஸ்டாக் இல்ல, இது அதைவிட பெட்டர்" என்று ஒரு பொருளை மாற்றினால், அந்த ஒன்றோடு மற்ற ஐந்தும் பொருந்துமா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நின்று பார்க்க நேரமில்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். பில் இல்லாமல் விலை குறைப்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப்போய் மூன்று வருட வாரண்டியை இழக்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், பெட்டியில் இறக்குமதி செய்த கம்பெனியின் பெயரும் எம்ஆர்பியும் ஒட்டியிருக்க வேண்டும்.

இன்டெல் போர்டு வாங்கினால் கடையிலேயே சாக்கெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் வேறு மாதிரி விழும். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் "நீங்கதான் வளைச்சீங்க" என்றுதான் பதில் வரும். ப்ராசசரைப் போட்ட பிறகு அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாமல் போர்டு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வாரண்டிக்குக் கொண்டுபோனால் மூடி எங்கே என்று கேட்பார்கள்.