மூன்று டப்பா வாங்கினால் ஒன்று இலவசம்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வலது கண்ணில் ஈர வகை மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய்). மாதம் ஒரு ஊசி. லூட்டீன் (கீரையில் இருக்கும் நிறமி) மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் ஊசியைக் குறைக்கலாம் என்கிறார் மருந்துக்கடைக்காரர்.
– வாசகி, திருச்சி

பதில்: ஊசியைக் குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்லவேண்டியது. விழித்திரைக்கு அடியில் முளைத்துக் கசிகிற ரத்தக்குழாய்களை அடக்குவது ஊசி. அந்தக் கசிவை மாத்திரை தொடாது.

அப்படியானால் மாத்திரை எதற்கு? நோய் இடைநிலையில் இருக்கும் கண்ணுக்கு. அமெரிக்க அரசின் கண் ஆய்வு ஒன்று 2001-ல் சொன்னது: குறிப்பிட்ட அளவு வைட்டமின்களும் துத்தநாகமும் எடுத்தால், நோய் முற்றும் அபாயம் ஐந்தாண்டில் சுமார் 25 சதவீதம் குறைகிறது. ஆரம்பநிலையில் பலனில்லை. 2013-ல் அளவைத் திருத்தினார்கள்: வைட்டமின் சி 500 மி.கி., ஈ 400 யூனிட், துத்தநாகம் 80, தாமிரம் 2, லூட்டீன் 10, அதன் இனத்தைச் சேர்ந்த ஸியாஸாந்தின் 2 மி.கி. பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டார்கள். புகைப்பவர்களுக்கு அதனால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும்.

அளவைத்தான் பாருங்கள், டப்பாவின் முன்பக்கத்தில் சிரிக்கும் தாத்தாவை அல்ல! என் அம்மாவுக்காக 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நானும் ஒருமுறை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் லூட்டீன் 3 மி.கி., துத்தநாகம் 12. கீழே பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. கண் மங்கியவருக்கு விற்கிற பொருளில் எறும்பு சைஸ் எழுத்து! நாலாவது டப்பா தேதி முடிந்து இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கேள்வி: இரண்டு கம்பெனி மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் இரட்டிப்பாகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: துத்தநாகம் இரட்டிப்பாகும். வயிறு கெடும்.

கேள்வி: ஊசியோடு ஒளிக்கதிர் சிகிச்சையும் (போட்டோடைனமிக்) சேர்த்து 'பேக்கேஜ்' சொல்கிறார்கள். கட்டிவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: எந்த வகை நோய் என்று கேட்டீர்களா? கடிதத்தில் தொகை மட்டும்தான் இருக்கிறது. வழக்கமான ஈர வகைக்கு இரண்டையும் சேர்ப்பதால் கூடுதல் பார்வை கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ரத்தக்குழாய் முனையில் மொட்டு மொட்டாகப் புடைக்கும் 'பாலிபாய்டல்' வகை நம் ஆசியக்காரர்களிடம் அதிகம்; அதற்குச் சேர்த்துச் செய்வதில் பலன் உண்டு. பச்சைச் சாயம் ஏற்றிப் படம் எடுத்து அதை உறுதி செய்தார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: விலை குறைந்த அவாஸ்டின் ஊசி மட்டமானதா?
– வாசகி, கோவை

பதில்: இல்லை. இதே நோய்க்கான விலை கூடிய ஊசியான லூசென்டிஸோடு 2011-ல் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். பார்வையில் இரண்டும் சமம். ஆனால் அவாஸ்டின் வருவது புற்றுநோய்க்கான பெரிய குப்பியில்; கண்ணுக்காகச் சிறு சிரிஞ்சுகளில் பிரிக்கிறார்கள். எங்கே, எவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

கேள்வி: போனில் பேசி, 'மூன்று மாதத்தில் முழுப் பார்வை' என்று 6,800 ரூபாய்க்குச் சொட்டு மருந்து விற்றுவிட்டார்கள். மாமியாருக்கு இப்போது ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறதாம்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் மீது தப்பில்லை அம்மா, பயந்த நேரத்தில்தான் இவர்கள் போன் செய்கிறார்கள். பார்வையிழப்பைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் தடுத்திருக்கிறது. பில், டப்பா, பணம் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லுங்கள். அதெல்லாம் அடுத்த வாரம். கம்பி வளைந்து தெரிவது கசிவாக இருக்கலாம். நாளைக் காலையிலேயே விழித்திரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.