அடுத்த நாட்டுச் சண்டையா?

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்காகச் சண்டையிட்ட அயல்நாட்டுத் தன்னார்வலர்களின் சர்வதேசப் படையணிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படிக்க நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்தப் படையைத் திரட்டியது மாஸ்கோவிலிருந்து இயங்கிய, பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம். பிடி ஸ்டாலினின் ஆட்கள் கையில். அதில் போய்ச் சேர்ந்தவர்களை எப்படி லட்சியவாதிகள் என்கிறீர்கள்? அதோடு, இன்னொரு நாட்டின் பங்காளிச் சண்டையில் வெளியாட்கள் துப்பாக்கியோடு நுழைந்தால் போர் நீளத்தானே செய்யும்? இந்தியர் யாராவது போனார்களா என்றும் எழுதுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

பிடி யார் கையில் இருந்தது என்று நீங்கள் சொல்வது சரி. என் கட்டுரையில் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கக் கூடாது. 1937 மே மாதம் பார்சலோனாவில், குடியரசுக்கு எதிரான ராணுவக் கலகத்தின் தலைவர் பிராங்கோவை எதிர்த்து நின்ற குடியரசுத் தரப்பே தனக்குள் தெருத்தெருவாகச் சுட்டுக்கொண்டது. அடுத்த மாதமே ஸ்டாலினை எதிர்த்த மார்க்சியக் கட்சியான ‘போவும்’ (POUM) தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் ஆந்த்ரேயு நின்னைப் பிடித்துப் போய்க் கொன்றார்கள். செய்தது சோவியத் உளவுத்துறை. அந்தக் கட்சியின் படையில் நின்று கழுத்தில் குண்டு வாங்கிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், மனைவியோடு ரயிலேறி பிரான்சுக்குத் தப்ப வேண்டியிருந்தது. அவரைத் தேடியது அவர் யாருக்காகச் சண்டையிட்டாரோ அந்தத் தரப்பின் போலீஸ். சர்வதேசப் படையணிகளின் தளமான அல்பசெத்தேயிலும், தலைமைப் பொறுப்பில் இருந்த ஆந்த்ரே மார்ட்டி தன் ஆட்களுக்குள்ளேயே ஒற்றர்களைத் தேடிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்தப் படையைப் பாராட்டுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

சரி, போனவர்களைப் பார்ப்போம். சுமார் 35,000 பேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து. அயல்நாட்டுப் படையில் சேர்வதைத் தடுக்கும் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிட்டன் தூசி தட்டி எடுத்துத் தடை போட்டது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் ஸ்பெயினுக்குச் செல்லாது என்று முத்திரை குத்தினார்கள். பிரான்சும் எல்லையை மூடியது. அப்புறம் பைரனீஸ் மலையை இரவில் நடந்தே கடந்தார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, கயிற்று அடிப்பாகம் வைத்த துணிச்செருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. முன்னால் போகும் கடத்தல்காரனின் முதுகைப் பார்த்தபடி விடியும்வரை ஏற்றம். சுரங்கத் தொழிலாளி, தையல்காரர், கப்பல் கூலி, கல்லூரி மாணவன் என்று எல்லோரும் ஏறியது இப்படித்தான்.

ஏறியவர்களுக்கு அங்கே கிடைத்தது என்ன? 1937 பிப்ரவரி 12, ஹராமா ஆற்றுப் பள்ளத்தாக்கு. பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு அதுதான் முதல் சண்டை. எதிரே மொராக்கோவில் பழக்கப்பட்ட பிராங்கோவின் படை. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தி வைத்தபிறகுதான் வந்திருப்பது வேறு ரகத் தோட்டா என்று தெரிந்தது. சரியான தோட்டா வந்து, அதை ஒவ்வொன்றாகக் கையால் பட்டையில் செருகி முடிப்பதற்குள் முன்னால் குன்றில் இருந்தவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்துவிட்டார்கள். அறுநூறு பேரோடு போன பட்டாலியனில் அந்த ஒரு நாளில் பாதிக்கு மேல் இல்லை. இவர்களைக் கைப்பாவைகள் என்று என்னால் எழுத முடியாது. அகிலத்துக்கு ஆயிரம் கணக்கு இருந்திருக்கும். அந்தக் குன்றில் படுத்திருந்தவனின் கணக்கு வேறு.

வெளியாட்கள் என்கிறீர்கள். மொராக்கோவில் இருந்த பிராங்கோவின் ஆப்பிரிக்கப் படையை ஜிப்ரால்டர் ஜலசந்தி தாண்டி ஸ்பெயினில் இறக்கியதே ஹிட்லரும் முசோலினியும் கொடுத்த விமானங்கள்தாம். அது 1936 கோடையில். சர்வதேசப் படையணி ஒன்றுகூட அப்போது உருவாகவில்லை. முசோலினி போர் முடிவதற்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரை அனுப்பினார். பங்காளிச் சண்டையாக அது சில வாரங்கள்கூட நீடிக்கவில்லை. ஹிட்லரிடமிருந்து தப்பி பாரிஸில் பதுங்கியிருந்த ஜெர்மானியத் தொழிலாளிக்கு அது எப்படி அடுத்தவன் சண்டையாகும்? 1937 மார்ச்சில் குவாதலஹாராவில் முசோலினி அனுப்பிய இத்தாலியர்கள் ஒரு பக்கம், சர்வதேசப் படையணியைச் சேர்ந்த கரிபால்டி பட்டாலியனின் இத்தாலியர்கள் மறுபக்கம். ஒலிபெருக்கி வைத்துத் தாய்மொழியிலேயே கூப்பிட்டார்கள்: இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்று. எனக்கு அந்தப் போரிலேயே மறக்க முடியாத காட்சி அது.

போர் நீண்டதா என்றால், ஆமாம், அவர்களும் ஒரு காரணம்தான். 1936 நவம்பரிலேயே மாட்ரிட் விழுந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 1939 மார்ச்வரை நின்றது. நகரத்தைக் காத்தது முதலில் மாட்ரிட் மக்கள், வந்தவர்கள் தோள் கொடுத்தார்கள். ஆனால் சீக்கிரம் முடிந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்பதை ஸ்பெயின் 1936 ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டது. பதஹோஸ் நகரைப் பிடித்ததும் பிராங்கோவின் படையினர் பிடிபட்டவர்களைக் காளைச்சண்டை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சுட்டார்கள். நகரம் விழுந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவனிடம், சண்டையை நீட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1938 செப்டம்பரில் குடியரசின் பிரதமர் நெக்ரின் தன் பக்கத்து அயல்நாட்டு வீரர்களைத் தானாகவே திருப்பி அனுப்பினார், எதிர்ப்பக்கமும் அனுப்பும்படி உலகம் நெருக்கும் என்ற நம்பிக்கையில். முசோலினி பத்தாயிரம் பேரை மட்டும் திரும்ப அழைத்துக்கொண்டார். ஜெர்மன் விமானப்படையான காண்டார் லீஜன் கடைசிவரை இருந்தது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஊர் திரும்பினார்கள். திரும்ப ஊரில்லாத ஜெர்மானியரும் இத்தாலியரும் பலர் பிரான்சின் முள்வேலி முகாம்களுக்குள் போனார்கள்.

இந்தியர்? போனார்கள். மிகச் சிலர். நாக்பூர்க்காரர் கோபால் முகுந்த் ஹுத்தார் அவர்களில் ஒருவர். ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் தொடக்க காலத்தில் அதன் பொதுச்செயலாளராக இருந்தவர். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்திலிருந்து, ஜான் ஸ்மித் என்று பெயர் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் பட்டாலியனில் சேர்ந்தார். 1938இல் கந்தேசாப் பக்கம் பிடிபட்டு பிராங்கோவின் சிறையில் இருந்தார். விடுதலையாகி ஊர் திரும்பியபின் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அவர் சேர்ந்த அந்தப் பட்டாலியனுக்கு முறைப்படி வைத்திருந்த பெயர் சக்லத்வாலா: பம்பாயில் பிறந்து, லண்டன் பாட்டர்சீ தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன பார்சிக் கம்யூனிஸ்டின் பெயர். ஹுத்தாரைப் பற்றித் தனியாக எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

அன்புடன்.