மழையில் ரிவர்ஸ் சென்சார் விடாமல் கத்தினால்

மழை பெய்தால் மட்டும் காரின் பின்பம்பரில் உள்ள ரிவர்ஸ் சென்சார் விடாமல் கத்துகிறது, முன்கண்ணாடியின் மூட்டத்தைப் போக்கும் பட்டனை அழுத்தினால் ஏசி தானாக ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது பழுதே இல்லை. காற்றின் ஈரத்தை எடுக்கத்தான் கம்ப்ரஸர் ஓடுகிறது, ஓடட்டும்.

சென்சார்தான் கவனிக்க வேண்டியது. நம் காதுக்குக் கேட்காத, 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை அளக்கிறது. சென்சாரின் முகப்பில் நீர்த்துளியோ சேறோ ஒட்டினால் அதையே தடை என்று எடுத்துக்கொள்ளும். மெல்லிய துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகும் கத்தினால், இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸில் வையுங்கள். ஒவ்வொரு சென்சாரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நல்லதில் மெல்லிய துடிப்பு தெரியும். துடிக்காததை மட்டும் மாற்றினால் போதும், முழு செட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். அப்புறம், வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை சென்சாருக்குக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள்.