பார்டரா, பவுண்டரியா, பிரிங்கா? எல்லைக்கான ஆங்கிலச் சொற்சேர்க்கைகள்: கேள்வி பதில்

கேள்வி: எல்லைக்கு பார்டர், பவுண்டரி இரண்டும் வருகிறதே, எதை எங்கே போடுவது?

பதில்: நாடு விட்டு நாடு போவதென்றால் பார்டர். 'கிராஸ் தி பார்டர்', 'சீல் தி பார்டர்' எல்லாம் அதோடுதான் சேரும். அளந்து வகுத்த கோடு பவுண்டரி. மனைப் பத்திரத்தின் நான்கெல்லைக்கு அதுதான். அங்கே பார்டர் என்று எழுதினால் சேலைக்கரைதான் ஞாபகம் வரும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடலில் வகுத்துக்கொண்டதும் 'மாரிடைம் பவுண்டரி'. மீனவர் கைதுச் செய்திகளில் அடிபடும் ஐ.எம்.பி.எல். (இன்டர்நேஷனல் மாரிடைம் பவுண்டரி லைன்) என்பதிலுள்ள 'பி' இதுவே. பழகுவதில் வரம்பு வைப்பது 'செட் பவுண்டரீஸ்', பெரும்பாலும் பன்மையில்.

கேள்வி: 'இந்தியா பார்டர்ஸ் வித் நேபாள்' என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: வினையாக வரும் பார்டருக்கு 'வித்' கூடாது. 'நேபாளத்தோடு' என்பதிலுள்ள 'ஓடு' உங்களை அறியாமல் அதை இழுத்து வந்திருக்கிறது. 'இந்தியா பார்டர்ஸ் நேபாள்' போதும். 'வித்' வேண்டுமென்றால் பெயர்ச்சொல்லாக்குங்கள்: 'இந்தியா ஷேர்ஸ் எ பார்டர் வித் நேபாள்'. 'பார்டர்ஸ் ஆன்' நிலத்துக்கும் வரும். ஆனால் அதிகம் வருவது குணத்துக்குத்தான். 'ஹிஸ் கான்ஃபிடன்ஸ் பார்டர்ஸ் ஆன் ஆரகன்ஸ்' என்றால் தன்னம்பிக்கை திமிரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

கேள்வி: ஏதோ நடக்கும் தறுவாயில் இருப்பதைச் சொல்லும் வெர்ஜ், பிரிங்க் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இரண்டும் 'ஆன் தி ... ஆஃப்' சட்டகத்துக்குள் உட்காரும், கனம்தான் வேறு. போர், திவால், இன அழிவு போன்ற பெருங்கேட்டுக்கு பிரிங்க். கண்ணீர் முட்டி நிற்பது 'ஆன் தி வெர்ஜ் ஆஃப் டியர்ஸ்'; அங்கே பிரிங்க் குறைவாகவே வரும். வினை வந்தால் 'இங்' சேருங்கள்: 'ஆன் தி வெர்ஜ் ஆஃப் குவிட்டிங்'. 'டு குவிட்' தவறு.

கேள்வி: டம்ளர் விளிம்பு ரிம்மா, பிரிம்மா?

பதில்: உதடு படும் வளையம் ரிம். காபி ததும்ப நிற்கும் மட்டம் பிரிம்: 'ஃபில்டு டு தி பிரிம்'. டம்ளர் விளிம்பில் சில்லு தெறித்திருந்தால் 'எ சிப் ஆன் தி ரிம்'. மூக்குக்கண்ணாடிக்கு ரிம், தொப்பிக்கு பிரிம், மேசைக்கு இரண்டும் இல்லை, எட்ஜ்.

கேள்வி: 'இன் தி அவுட்ஸ்கர்ட் ஆஃப் மதுரை' சரியா?

பதில்: இரண்டு பிழை. மதுரைப் புறநகரில் என்று சொல்ல 'ஆன்' வேண்டும், பன்மையும் வேண்டும்: 'ஆன் தி அவுட்ஸ்கர்ட்ஸ் ஆஃப் மதுரை'.

கேள்வி: 'ஷி இஸ் ஆன் எட்ஜ்' என்றால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாளா?

பதில்: இல்லை, படபடப்பாக இருக்கிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார வைக்க 'தி' வேண்டும்: 'ஆன் தி எட்ஜ் ஆஃப் தி பெட்'.