வாசகர் கேள்வி பதில்: லாரி ஸ்டீயரிங் பாகங்களைக் கழற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் பழைய லேலண்ட் லாரியில் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து ஆயில் கசிகிறது. சீல் மாற்ற டிராப் ஆர்மை (பாக்ஸின் திருப்பத்தைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் இரும்புக் கை) கழற்ற வேண்டும். நட்டை எடுத்துவிட்டு சம்மட்டியால் அடித்தும் அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடேற்றலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம். டிராப் ஆர்ம் உட்காரும் செக்டார் ஷாஃப்டின் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு) பல் முனை, வெளிப்பக்கம் போகப் போக ஒடுங்கியிருக்கும். நட் இறுக இறுக ஆர்ம் அந்தச் சரிவில் ஏறிக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் நட்டை எடுத்த பிறகும் வருவதில்லை. ஷாஃப்ட் முனையில் அடித்தால் அந்த அடி பாக்ஸுக்குள் பல்லிலும் பேரிங்கிலும் போய் இறங்கும். மரை நசுங்கி நட் திரும்ப ஏறாது. சூடு வைத்தால் சீல் கருகுவது பெரிதில்லை, எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஆர்ம்தான் முக்கியம். அது அடித்து உருவாக்கி, பதம் ஏற்றிய ஃபோர்ஜிங். சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். ஓட்டத்தில் அது ஒடிந்தால் ஸ்டீயரிங் சுற்றும், வண்டி திரும்பாது.

வேண்டியது டிராப் ஆர்ம் புல்லர், அதாவது ஸ்க்ரூவை இறுக்கி ஆர்மை இழுத்துக் கழற்றும் கருவி. கியர் கழற்றும் சாதாரண இரண்டு கால் புல்லர் இந்த இழுப்புக்கு விரிந்து நழுவும். உடல் ஒரே ஃபோர்ஜிங்காக, நடு ஸ்க்ரூ தடிமனாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

முன் சக்கரங்களை நேராக வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். ஷாஃப்ட் முனையிலும் ஆர்மிலும் நேர் எதிரே பஞ்ச் புள்ளி வையுங்கள். ஒரு பல் மாறி ஏறினாலும் நடு தவறிவிடும். வண்டி ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். இனி நட்டைத் திருப்பி, ஷாஃப்ட் முனைக்குச் சமமாக நிற்கும்படி ஏற்றிவிடுங்கள். மரைக்கும் காவல், ஆர்ம் திடீரென்று கழன்றால் புல்லரோடு காலில் விழாமலும் தடுக்கும்.

புல்லர் ஸ்க்ரூவுக்கு கிரீஸ் தடவி இறுக்குங்கள். கை நின்றதும் ஸ்பானரில் பைப் செருகி வலுக்காட்டாதீர்கள். இழுப்பு இருக்கும்போதே, ஆர்ம் கண்ணின் (ஷாஃப்ட் நுழையும் ஓட்டையுள்ள பகுதி) பக்கவாட்டில் 2 கிலோ சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. பிறகு கால் சுற்று இறுக்கம், மறுபடி அடி. டப்பென்று விடும். புல்லருக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

மாட்டும்போது பல்லைச் சுத்தமாகத் துடைத்து, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, கம்பெனி சொல்லும் டார்க்கில் (இறுக்க அளவு) நட்டை இறுக்கி, லாக் வாஷரை மடக்குங்கள். முதல் லோடு இறக்கியதும் ஒருமுறை நட்டைப் பாருங்கள்.

கேள்வி: டை ராட் எண்டை (முன் சக்கரங்களை இணைக்கும் ராடின் முனையிலுள்ள பால் ஜாயின்ட்) கழற்ற, இடையில் அடித்து நெம்பும் ஃபோர்க் போதாதா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: எண்டைத் தூக்கிப்போடப் போகிறீர்கள் என்றால் போதும். திரும்ப மாட்டுவதாக இருந்தால் ஃபோர்க் ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி அந்தக் கிழிசல் வழியாக கிரீஸில் கலந்து ஜாயின்டின் உருண்டையை அரைத்துத் தீர்க்கும். நட்டை மரை முனைவரை தளர்த்தி, ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் அடியுங்கள். அந்தக் கண் ஒரு நொடி பிதுங்கி, எண்டின் டேப்பரை (ஒடுங்கிய தண்டுப் பகுதி) விட்டுவிடும். மரைமேல் அடிக்கவே கூடாது.

எண்டை ராடிலிருந்து எடுக்கும் முன் எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்; ஒரு பக்கம் இடது மரை, ஞாபகம். மாட்டும்போது டேப்பரில் கிரீஸ் வேண்டாம், உலர்ந்திருக்க வேண்டும். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராகாவிட்டால் நட்டை இன்னும் இறுக்கிச் சேருங்கள், தளர்த்தாதீர்கள். பின் எப்போதும் புதிது. பிறகு அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஸ்டீயரிங் வீலைக் கையால் ஆட்டி ஆட்டி எடுக்கலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: சில சமயம் வரும். நட்டை முழுக்க எடுக்காமல் இரண்டு மூன்று மரை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் வீல் முகத்தில் அடிக்கும். வராவிட்டால், நடுவில் போல்ட் ஓட்டை இருக்கும் வீலுக்கு அதில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி. விளிம்பைப் பிடித்து இழுத்தால் பழைய வீல் விரிசல் விடும்.