டைம் ட்ரையலுக்குப் பவர் மீட்டர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கேள்வி: டைம் ட்ரையல் (கடிகாரத்தோடு போட்டியிட்டுத் தனியாக ஓட்டும் சைக்கிள் பந்தயம்) ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். மிதிக்கும் உழைப்பை வாட்டில் காட்டும் பவர் மீட்டர்களில், இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) மட்டும் அளப்பது என் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. இருபுறமும் அளக்கும் பெடல் மீட்டருக்கு நிறையவே கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் பணத்துக்குப் பலன் இருக்குமா?

பதில்: இடது கிராங்க் மீட்டர், இடது கால் கொடுக்கும் வாட்டை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் இடது கால் 48, வலது கால் 52 என்ற பங்கில் உழைத்தால், நீங்கள் உண்மையில் 250 வாட் கொடுக்கும்போது திரையில் 240தான் தெரியும். இந்தப் பிழை எப்போதும் ஒரே அளவில் இருக்கும்வரை கெடுதல் இல்லை. சோதனையையும் பந்தயத்தையும் அதே மீட்டரில் ஓட்டினால் இலக்கும் அதே கணக்கில்தான் வரும். ஆனால் சிலருக்குக் களைப்பு ஏற ஏறப் பங்கு மாறிவிடும். முதல் 10 நிமிடத்தில் 48-52 ஆக இருந்தது கடைசியில் 50-50 ஆனால், உழைப்பு கூடாமலே திரையில் வாட் ஏறும். அதை நம்பிக் காலைத் தளர்த்தினால் நேரம் போச்சு.

ஒரே சைக்கிள், முழங்காலிலோ இடுப்பிலோ பழைய காயம் எதுவும் இல்லை என்றால் இடது கிராங்க் போதும். மிச்சப் பணத்தை ஏரோ ஹெல்மெட்டிலும் நல்ல டயரிலும் போடுங்கள். ரோடு சைக்கிளுக்கும் டைம் ட்ரையல் சைக்கிளுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்துபவர்கள் பெடலே வாங்க வேண்டும். பயிற்சியும் பந்தயமும் ஒரே அளவுகோலில் இருப்பதுதான் இதில் பெரிய லாபம். அட்டையில் அச்சிட்டிருக்கும் 1 சதவீதம், 2 சதவீதம் துல்லியத்துக்காக அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 250 வாட்டில் அது இரண்டரை வாட்டா, ஐந்து வாட்டா என்பதுதான். சரியாகப் பூச்சியமாக்காத, அதாவது சுமை இல்லாதபோது பூச்சியம் காட்டும்படி சரிசெய்யாத மீட்டர் அதைவிட அதிகம் தப்பும்.

பணம் கட்டும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். சில டைம் ட்ரையல் ஃப்ரேம்களில் பின் பிரேக் பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்க் அச்சு சுழலும் இடத்துக்கு) அடியில் இருக்கும். இடது கிராங்கின் உட்புறம் ஒட்டியிருக்கும் மீட்டர் பெட்டி அதில் உரசலாம். இடைவெளியை அளந்து, பெட்டியின் தடிமனோடு ஒப்பிட்டபின் வாங்குங்கள். பின் வீலின் மையத்தில் இருக்கும் ஹப் மீட்டர் வேண்டாம்: பந்தயத்தன்று டிஸ்க் வீல் (கம்பிக்குப் பதில் தட்டாக மூடிய வீல்) மாட்டினால் மீட்டர் பழைய வீலோடு வீட்டிலேயே கிடக்கும்.

கேள்வி: பெடல் மீட்டரை ரோடு சைக்கிளிலிருந்து டைம் ட்ரையல் சைக்கிளுக்கு மாற்றினேன். வழக்கமாக 240 காட்டும் அதே உழைப்புக்கு இப்போது 250 காட்டுகிறது. பெடல் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் கிராங்க் நீளத்தைப் பாருங்கள். பெடல் மீட்டர் அளப்பது விசையை. அதைக் கிராங்க் நீளத்தால் பெருக்கித்தான் முறுக்குவிசை கிடைக்கிறது. முறுக்குவிசையைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வாட். ரோடு சைக்கிளில் 172.5 மில்லிமீட்டர் கிராங்க், டைம் ட்ரையலில் 165 என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் கைபேசிச் செயலியில் பழைய 172.5 அப்படியே இருந்தால் ஒவ்வொரு எண்ணும் நாலரை சதவீதம் கூடித் தெரியும். 240 என்பது 251 ஆகும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கிராங்க் கையின் உட்புறத்தில் நீளம் பொறித்திருக்கும். அதைப் படித்துச் செயலியில் மாற்றுங்கள். இந்தத் தப்பு ஆபத்தான பக்கம் போகவும் வாய்ப்புண்டு. நீளத்தைக் குறைவாகப் போட்டிருந்தால் எண் குறைந்து தெரியும், நீங்கள் அதை எட்டப் பாய்ந்து பாதி வழியில் படுத்துவிடுவீர்கள்.

பெடலை மாற்றும் ஒவ்வொரு முறையும், தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்துக் கொடுங்கள். பிறகு நாலைந்து முறை முழு வேகத்தில் மிதித்து மரையை நன்றாக அமரவிட்டு, பூச்சியமாக்குங்கள். பூச்சியமாக்கும்போது பெடலில் கால் இருக்கக் கூடாது. பந்தய நாளில் சைக்கிளை அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்து 15-20 நிமிடம் வெளியே நிறுத்தியபின் பூச்சியமாக்குங்கள். உள்ளே விசையை உணரும் ஸ்ட்ரெயின் கேஜின் அளவு, வெப்பநிலை மாறினால் நகரும். தானே ஈடுகட்டும் மீட்டரானாலும் இதைச் செய்வது நல்லது.

கேள்வி: பழைய பவர் மீட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. சரியாக அளக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும், மீட்டரின் செயலியோ ஹெட் யூனிட்டோ (கைப்பிடியில் மாட்டும் சைக்கிள் கணினி) முறுக்குவிசையை நேரடியாகக் காட்டினால். தராசில் சரிபார்த்த 20 கிலோ எடை ஒன்று வேண்டும். பூச்சியமாக்கி, பின் பிரேக்கைப் பிடித்து, கிராங்கைத் தரைக்கு இணையாக முன்னோக்கி நிறுத்துங்கள். பெடல் அச்சில் எடையைத் தொங்கவிட்டு அசைவு நிற்கும்வரை காத்திருங்கள். 172.5 கிராங்கில் 33.8 நியூட்டன் மீட்டர் வர வேண்டும், 170 கிராங்கில் 33.3. ஒரு பக்க மீட்டர் சிலவற்றில் எண் இரட்டிப்பாகி வரும், குழம்ப வேண்டாம். ஓரிரு சதவீத வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வாங்காதீர்கள். எடையை எடுத்தபின் எண் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டாலும் வாங்காதீர்கள்.

பேட்டரி மூடியைத் திறந்து பச்சைத் துருவோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் என்றால் அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 20 நிமிடச் சோதனையில் 274 வாட் வந்தது. 40 கி.மீ. பந்தயத்தில் முதல் பாதி பிரமாதமாகப் போகிறது, கடைசி 10 கி.மீ.யில் 220க்கு இறங்கிவிடுகிறேன். மீட்டர் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: மீட்டர் எண்ணைக் காட்டும், எதை எட்ட வேண்டும் என்று நீங்கள்தான் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். 274இன் 95 சதவீதம் 260. இதுதான் உங்கள் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட்டின் மதிப்பீடு. ஒரு மணி நேரத்தைத் தொடும் பந்தயத்தில் இதில் 95-97 சதவீதம், அதாவது சுமார் 250 சரியான தொடக்க இலக்கு. அதற்கு முன் ஒன்று: அந்தச் சோதனையை எந்த நிலையில் ஓட்டினீர்கள்? நிமிர்ந்த நிலையில் கிடைத்த 274, ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் குனியும் முன்கம்பியில்) குனிந்தால் பலருக்குக் கிடைக்காது. இடுப்பு மடங்கியிருப்பதால் வாட் குறையும். பந்தய நிலையிலேயே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். கீழே தரும் எண்கள் அங்கும் எஃப்டிபி 260 வந்தால் பொருந்தும்.

உங்கள் சக்தி முதல் ஐந்து நிமிடத்திலேயே செலவாகிவிடுகிறது. ஓய்ந்த கால், ஏறியிருக்கும் பதற்றம், மெதுவாகத்தான் உயரும் இதயத்துடிப்பு எல்லாம் சேர்ந்து 290 வாட்டைக்கூட எளிதாகக் காட்டும். கிளம்பி வேகம் பிடிக்கும் சில நொடிகள் எண் எகிறட்டும், அது தவிர்க்க முடியாதது. ஏரோ பாரில் கை வைத்ததும் 240க்கு இறங்கி, நான்கு நிமிடம் அங்கேயே இருங்கள். மந்தமாகத் தோன்றும், தோன்றட்டும். பிறகு 250. கடைசி 10 கி.மீ.யில் மிச்சம் இருந்தால் 260ஐத் தாண்டலாம். 250இலிருந்து 220க்கு இறங்குவது சமதளத்தில் வேகத்தை நான்கு சதவீதத்துக்கு மேல் குறைக்கும். உங்கள் வேகத்தில், 10 கி.மீ.யில் 40 நொடி.

எதிர்காற்றும் ஏற்றமும் வந்தால் வாட்டைச் சமமாகப் பிடித்துவைக்க வேண்டாம். போகும் 20 கி.மீ. எதிர்காற்றில் 32 கி.மீ. வேகம், திரும்பும் 20 கி.மீ. பின்காற்றில் 45 என்றால், போவதற்கு 37.5 நிமிடம், வருவதற்கு 27 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மெதுவான பகுதியில்தான் அதிக நேரம் இருக்கிறீர்கள்; அங்கே கொடுக்கும் கூடுதல் வாட் அதிக நொடிகளைத் திருப்பித் தரும். போகும்போது 257, வரும்போது 240 என்று ஓட்டினால் சராசரி அதே 250. சிறு ஏற்றத்தில் 275 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். செங்குத்தான இறக்கத்தில் மிதிப்பதைக் குறைத்து உடலைச் சுருக்குங்கள். அங்கே காற்று உங்கள் வாட்டை விழுங்கிவிடும்.

திரையில் மூன்றே எண்கள் போதும்: 10 நொடிச் சராசரி வாட், லேப் (கடைசியாக லேப் பட்டனை அழுத்தியதிலிருந்து இதுவரை) சராசரி வாட், கடந்த தூரம். ஒரு நொடி வாட்டை வைத்தால் அது குதிக்கும், நீங்களும் அதைத் துரத்திக் குதிப்பீர்கள். தானியங்கி லேப்பை அணைத்துவிட்டு, முதல் நான்கு நிமிடம் முடிந்ததும் ஒருமுறை, திரும்பும் இடத்தில் ஒருமுறை பட்டனை அழுத்துங்கள்.

கேள்வி: பந்தயம் முடிந்தபின் சராசரி வாட் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக இருக்கிறது.

பதில்: ஹெட் யூனிட் அமைப்பில் வாட் சராசரிக்குப் பூச்சியத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்காவிட்டால் மிதிக்காமல் உருண்ட நொடிகள் கணக்கில் வராது. பதிவையும் ஒவ்வொரு நொடிக்கும் என்று மாற்றுங்கள். நடுவில் எண் அறுந்து அறுந்து வந்தால் பெரும்பாலும் பேட்டரிதான். சிஆர்2032 வகை என்றால் முக்கியப் பந்தயத்துக்கு முந்தைய வாரமே புதிதாக மாற்றி, ஒரு பயிற்சி ஓட்டம் ஓட்டிப் பாருங்கள்.